எடுத்தபின் கூடும் பிடித்தம்: தேர்வு, விருப்பம், மூளை

கனடாவின் வான்கூவர் நகரில் எக்ஸிபிஷன் பார்க் என்ற குதிரைப் பந்தயத் திடலில் ராபர்ட் நாக்ஸ், ஜேம்ஸ் இங்க்ஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1968-இல் வெளியானது. இரண்டு டாலர் சீட்டு விற்கும் ஜன்னலை நெருங்கிக்கொண்டிருந்த 69 பேரையும், பணம் கட்டிவிட்டுத் திரும்பிய 72 பேரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் குதிரை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? பதில் 1 முதல் 7 வரை ஓர் எண். கட்டப்போகிறவர்களின் இடைநிலை மதிப்பு 3.48. கட்டி முடித்தவர்களின் இடைநிலை மதிப்பு 4.81. இரு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி சில விநாடிகள்தான். அதற்குள் குதிரையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. பணம் கைமாறியது, அவ்வளவுதான்.

விருப்பம் முதலில், தேர்வு அதன் விளைவு என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். பொருளியலின் பெரும்பகுதி அந்த வரிசையை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஒருவர் எதை எடுக்கிறாரோ, அதிலிருந்து அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுகொள்ளலாம். எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு, எடுத்ததாலேயே பிடித்தம் கூடுகிறது, விட்டதாலேயே குறைகிறது என்பது உளவியல் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி. அந்தச் செய்தி உண்மை. ஆனால் முதல் ஐம்பது ஆண்டுகள் அதற்குக் காட்டப்பட்ட ஆதாரங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருந்தது. அந்தப் பிழையைப் புரிந்துகொள்ளாமல் மூளைப் படங்களைப் பார்ப்பதில் பயனில்லை.

இத்துறையின் அடிப்படைச் சோதனையை வடிவமைத்தவர் ஜாக் பிரெம். 1956-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 225 மாணவிகள் பங்கேற்றார்கள். டோஸ்டர், காபி மேக்கர், ரேடியோ, மேஜை விளக்கு போன்ற எட்டுப் பொருள்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 30 டாலர் பெறும். முதலில் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பிறகு இரண்டு பொருள்களைக் காட்டி, இவற்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். சிலருக்குக் கிட்டத்தட்டச் சமமாக மதிப்பிட்ட இரண்டைக் காட்டினார்கள், சிலருக்கு மிகவும் வேறுபட்ட இரண்டை. இன்னும் சிலருக்குத் தேர்வே தராமல் ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் மறுபடி மதிப்பெண் போட்டார்கள். தேர்ந்தெடுத்தவர்களிடம் எடுத்த பொருளின் மதிப்பு ஏறி, விட்ட பொருளின் மதிப்பு இறங்கியது. இரண்டும் சமமாக இருந்த கடினத் தேர்வில் இந்த விலகல் அதிகமாக இருந்தது. பரிசாகப் பெற்றவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே லியோன் ஃபெஸ்டிங்கர் தன் மன முரண்பாட்டுக் கொள்கையில் இதற்கு விளக்கம் தந்தார். விட்ட பொருளின் நல்ல குணங்களும் எடுத்த பொருளின் குறைகளும் ‘நான் சரியாகத்தான் எடுத்தேன்’ என்ற எண்ணத்தோடு மோதுகின்றன. அந்த உறுத்தலைத் தணிக்க மதிப்பீடுகளையே மனம் நகர்த்திவிடுகிறது. டேரில் பெம் 1967-இல் இன்னும் எளிமையான மாற்று விளக்கம் கொடுத்தார்: உறுத்தல் எதுவும் தேவையில்லை, பிறர் செய்வதைப் பார்த்து அவர்கள் மனதை ஊகிப்பதுபோல நம் செயலைப் பார்த்தே நம் மனதையும் ஊகிக்கிறோம், ‘எடுத்திருக்கிறேன், அப்படியானால் பிடித்திருக்க வேண்டும்’ என்று. இந்த இரண்டு விளக்கங்களும் மூளை ஆய்வுக்குள் பிறகு மறுபடி வருகின்றன.

இனி அந்தக் கணக்குப் பிழை. பொருளியலாளர் எம். கீத் சென் 2008-இல் இதைச் சுட்டிக்காட்டினார். 2010-இல் ஜேன் ரைசனோடு சேர்ந்து முழுமையாக நிறுவினார். ஒருவருக்கு இரண்டு பொருள்கள் மீதுள்ள உண்மையான விருப்பம் 5.4, 4.6 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் போடும்போது மனிதர்கள் துல்லியமாக இருப்பதில்லை. அன்றைய மனநிலை, அவசரம், எண்களை முழுமையாக்குவது எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் 5 என்று போட்டுவிடுகிறார். ஆய்வாளர் ‘சமமான ஜோடி’ என்று எண்ணித் தேர்வு கேட்கிறார். பத்தில் எட்டுத் தடவை அவர் 5.4 உள்ளதை எடுப்பார், இரண்டு தடவை மற்றதை. மறுபடி மதிப்பெண் போடும்போது எண்கள் உண்மையான மதிப்புகளை ஒட்டி வரும். எடுத்தது கழித்தல் விட்டது என்று பார்த்தால் எட்டுத் தடவை 0.8, இரண்டு தடவை மைனஸ் 0.8, சராசரி 0.48. முதலில் பூஜ்யமாக இருந்த இடைவெளி அரைப் புள்ளியாகிவிட்டது. அவருடைய விருப்பமோ ஒரு துளியும் மாறவில்லை. தேர்வு விருப்பத்தை மாற்றவில்லை. முதல் மதிப்பெண் மறைத்துவிட்டதை வெளியே காட்டியிருக்கிறது.

குரங்குச் சோதனையிலும் இதே சிக்கல்தான். யேல் பல்கலைக்கழகத்தில் லூயிசா ஈகன், பால் புளூம், லாரி சாண்டோஸ் 2007-இல் கபுச்சின் குரங்குகளுக்கு வண்ண மிட்டாய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் சமமாகப் பிடித்தவையாகத் தோன்றிய குரங்கிடம் முதலில் சிவப்பும் நீலமும் நீட்டப்படுகின்றன. அது சிவப்பை எடுத்தால் அடுத்து நீலமும் பச்சையும். நீலத்தை ஒருமுறை ஒதுக்கியதால் அதன்மேல் வெறுப்பு வந்து பச்சைக்குப் போகிறது என்பது அவர்கள் முடிவு. சென் கேட்டது இது: மூன்று நிறங்களுக்கும் மிக நுண்ணிய ஒரு விருப்ப வரிசை முன்பே இருந்திருந்தால்? சிவப்பு நீலத்தைவிட மேல் என்று தெரிந்தபின் மீதமுள்ள வரிசைகள் மூன்றே: சிவப்பு-நீலம்-பச்சை, சிவப்பு-பச்சை-நீலம், பச்சை-சிவப்பு-நீலம். இவற்றில் இரண்டில் பச்சை நீலத்துக்கு மேலே இருக்கிறது. எந்த மனமாற்றமும் இல்லாமலே மூன்றில் இரண்டு பங்கு பச்சைக்குத்தான் போகும். பாதிக்குப் பாதி என்று எதிர்பார்த்ததே தவறு.

இந்த விமர்சனம் துறையை உலுக்கியது, அது நல்லதாகவே முடிந்தது. தப்பிக்க வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது, ஒப்பீட்டுக் குழு ஒன்றை வைத்து வரிசையை மாற்றுவது: ஒரு குழு மதிப்பெண், தேர்வு, மதிப்பெண் என்று போகும், மற்றது மதிப்பெண், மதிப்பெண், தேர்வு என்று போகும். இரண்டாவது குழுவில் தேர்வு நடக்கும் முன்பே இரு மதிப்பெண்களும் முடிந்துவிடுவதால் அங்கே தெரியும் விலகல் முழுவதும் கணக்கு மாயை. அதை முதல் குழுவின் விலகலிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான விளைவு. இரண்டாவது வழி, கண்மூடித் தேர்வு. தாலி ஷாரோட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல், சுற்றுலாத் தலங்களின் பெயர்கள் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் திரையில் மின்னுவதாகச் சொல்லி இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். உண்மையில் மின்னியவை பொருளற்ற குறியீடுகள். எடுத்தபிறகு ‘நீங்கள் தேர்ந்தது இந்த ஊர்’ என்று காட்டினார்கள். விருப்பம் அந்தத் தேர்வை வழிநடத்தியிருக்கவே முடியாது. இருந்தும் ‘எடுத்த’ ஊரின் மதிப்பெண் ஏறியது. கணினி தேர்ந்தெடுத்ததாகச் சொன்னபோது ஏறவில்லை. ஈகன் குழுவும் அதே ஆண்டில் குழந்தைகளிடமும் குரங்குகளிடமும் பார்க்காமலே எடுக்கும் சோதனையைச் செய்து தங்கள் முடிவை மீட்டெடுத்தது. மூன்றாவது வழி கார்லோஸ் ஆலோஸ்-ஃபெரர் குழுவினுடையது: சமமான இரண்டு பொருள்களை நேருக்கு நேர் நிறுத்தாமல், ஒன்றைத் தெளிவாக மேலான ஒன்றோடும் மற்றதைத் தெளிவாகக் கீழான ஒன்றோடும் ஜோடி சேர்ப்பது. முதலாவது ஒதுக்கப்படும், இரண்டாவது எடுக்கப்படும், அந்த இரண்டுக்கும் இடையே எது மேல் என்ற செய்தி மட்டும் கசியாது.

இப்படிக் கழித்துப் பார்த்த ஆய்வுகளை 2021-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது விளைவின் அளவு திட்டவிலக்க அலகில் சுமார் 0.40 என்று வந்தது. எளிமையாகச் சொன்னால், தேர்வு செய்தவர்களில் மூன்றில் இருவர் ஒப்பீட்டுக் குழுவின் சராசரியைத் தாண்டுவார்கள். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. இதன் உடன்பிறப்பான இன்னொரு சோதனை, அதாவது தன் கருத்துக்கு மாறாக ஒரு கட்டுரை எழுதவைத்து மனமாற்றத்தை அளப்பது, இந்த அளவுக்குத் தேறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 19 நாடுகளின் 39 ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தி 2024-இல் வெளியிட்ட மறுசோதனையில், ‘விருப்பப்பட்டால் எழுதுங்கள்’ என்பதற்கும் ‘எழுதியே ஆக வேண்டும்’ என்பதற்கும் எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை.

மூளைக்குள் வருவோம். ஷாரோட், பெனடெட்டோ டி மார்ட்டினோ, ரே டோலன் மூவரும் லண்டனில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளர்கள் மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி ஒவ்வொரு சுற்றுலாத் தலத்திலும் விடுமுறை கழிப்பதாகக் கற்பனை செய்து, எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று மதிப்பிட்டார்கள். பிறகு தேர்வு, பிறகு மறுபடி கற்பனை. காடேட் என்னும் பகுதி மூளையின் அடி ஆழத்தில், டோபமைன் நரம்புகள் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. வரப்போகும் இன்பத்தின் எதிர்பார்ப்பை அதன் செயல்பாடு பின்தொடரும். தேர்வுக்குப் பிறகு எடுத்த ஊரை நினைக்கும்போது அது கூடுதலாகவும், விட்ட ஊரை நினைக்கும்போது குறைவாகவும் இயங்கியது. வெறும் வாய்ப்பேச்சாக, கௌரவத்துக்காகக் கூட்டிச் சொன்ன மதிப்பெண் இல்லை இது என்பதற்கு அதுதான் சான்று. அதே ஆய்வின் இன்னொரு முடிவு பலரால் கவனிக்கப்படாமல் போனது, ஆனால் எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது: இரண்டு ஊர்களுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தாலும், தேர்வுக்கு முந்தைய காடேட் செயல்பாட்டைப் பார்த்தே எதை எடுப்பார்கள் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. 5.4-ம் 4.6-ம் ஒரே 5-ஆகத் தெரிவது பற்றி மேலே போட்ட கணக்கு மூளையிலேயே தென்படுகிறது. தேர்வு ஒரே நேரத்தில் வெளிப்படுத்தவும் செய்கிறது, வடிவமைக்கவும் செய்கிறது.

அடுத்த ஆண்டு ஜப்பானில் கெய்சே இசுமா குழு உணவுப் பண்டங்களைக் கொண்டு, ஒப்பீட்டு வரிசையையும் சேர்த்து, இதைச் செய்தது. விட்ட பண்டத்தின் மதிப்பு குறைந்தபோது, காடேட்டையும் உள்ளடக்கிய ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியின் முன்பகுதிச் செயல்பாடும் கூடவே குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் மூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் நடுச்சுவரின் மேற்பகுதியில், முன் சிங்குலேட் புறணியில், இன்னொரு குறி தெரிந்தது: விருப்பத்துக்கும் தேர்வுக்கும் இடையே எந்த அளவுக்கு மோதல் இருந்ததோ அந்த அளவுக்கு அது இயங்கியது. நல்ல பண்டம் என்று நினைத்ததை ஒதுக்கியிருந்தால் அதிகம், பிடிக்காததை ஒதுக்கியிருந்தால் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முன் சிங்குலேட் பகுதி கடினமான எந்த வேலையிலும் ஒளிரும். பிழை செய்தால், வலி வந்தால், இரண்டு பொத்தான்களுக்கிடையே தடுமாறினால்கூட. அது இயங்குகிறது என்பதாலேயே ‘மன முரண்பாடு நடக்கிறது’ என்று எழுதிவிடுவது பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி நடக்கும் தவறு. மேலும் இக்கருவி அளப்பது ரத்த ஓட்டத்தின் மாற்றத்தை. நரம்பு இயங்கி ஐந்தாறு விநாடிகளுக்குப் பிறகே அது உச்சத்துக்கு வரும். எது முதலில் நடந்தது என்ற கேள்விக்கு அது மெதுவான சாட்சி. காரணம் எது என்று அறிய அந்த இடத்தையே கொஞ்சம் அடக்கிப் பார்க்க வேண்டும். இசுமா குழு 2015-இல் அதைத்தான் செய்தது: மண்டையோட்டின் மேலிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி நடு முன்மூளையின் பின்பகுதியைத் தற்காலிகமாக மந்தப்படுத்தியபோது, தேர்வுக்குப் பிந்தைய விருப்ப மாற்றம் குறைந்தது. அதே ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் இடப்பக்க முன்மூளையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தியும் அதைக் குறைத்தார்கள். ஆக, நடு முன்மூளை மோதலைக் குறிக்கிறது, இடது முன்மூளை மறுமதிப்பீட்டை நடத்துகிறது, ஸ்ட்ரையேட்டம் புதிய மதிப்பைத் தாங்குகிறது என்பது இன்றைக்குக் கையிலுள்ள சித்திரம்.

நினைவின் பங்கு இதில் சர்ச்சைக்குரியது. 2001-இல் மேத்யூ லீபர்மன் குழு, புதிய நினைவுகளே உருவாகாத நோயாளிகளிடம் ஓவியப் பிரதிகளைக் கொடுத்துச் சோதித்து, எதைத் தேர்ந்தோம் என்பதே நினைவில்லாதபோதும் விலகல் வருகிறது என்று சொன்னது. மிகவும் கவர்ச்சியான முடிவு; பாடநூல்களில் ஏறிவிட்டது. ஆனால் அது சென்னின் விமர்சனத்துக்கு முந்தையது, கழித்துப் பார்க்க ஒப்பீட்டு வரிசை அதில் இல்லை. பிறகு பிரான்சில் லியோனல் நக்காஷ் குழு 2014-இலும் 2017-இலும் வெளியிட்ட ஆய்வுகள் எதிர்ப்பக்கம் போயின: எதை எடுத்தோம் என்று நினைவிருக்கும் ஜோடிகளில் மட்டுமே மாற்றம் தெரிகிறது, அப்போது நினைவுக்கு முக்கியமான இடது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி இயங்குகிறது. இரண்டையும் எடைபோட்டால் பிந்தையதே வலுவானது. நினைவு உதவுகிறது என்பதோடு இன்னொன்றும் ஒத்துப்போகிறது: ஷாரோட் குழு 2012-இல் காட்டியபடி, சுற்றுலாத் தலச் சோதனையின் விளைவு இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் கழித்தும் இருந்தது.

‘நான்தான் எடுத்தேன்’ என்ற நம்பிக்கை போதும், உண்மையில் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜொஹான்சன், லார்ஸ் ஹால் குழு 2005-இல் 120 பேரிடம் இரண்டிரண்டு முகப் படங்களாகக் காட்டி, யார் அழகு என்று சுட்டச் சொன்னது. பதினைந்து ஜோடிகளில் மூன்றில், சீட்டாட்ட வித்தைக்காரர் கைமாற்றுவதுபோல, சுட்டாத படத்தைக் கையில் கொடுத்து ‘ஏன் இவரைத் தேர்ந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். அந்த நேரத்திலேயே மாற்றத்தைக் கண்டுபிடித்தது 13 சதவீதத் தடவைகள் மட்டுமே. மற்றவர்கள் தாங்கள் எடுக்காத முகத்துக்குக் காரணம் அடுக்கினார்கள். 2014-இல் அதே குழு அடுத்த படியைச் சோதித்தது: அதே ஜோடியை மறுபடி காட்டினால், ஏமாற்றிக் கொடுக்கப்பட்ட முகத்தையே இப்போது தானாக எடுக்கும் போக்கு கூடியிருந்தது. பெம் சொன்ன ‘செயலைப் பார்த்து மனதை ஊகிப்பது’ இங்கே ஃபெஸ்டிங்கரின் உறுத்தலைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது. பத்து முதல் இருபது மாதக் குழந்தைகளிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் கண்டதும் இதை ஒட்டியதே. இரண்டு விளையாட்டுக் கட்டைகளில் ஒன்றை நோக்கித் தவழ்ந்துபோய் எடுத்த குழந்தை, விட்ட கட்டையையும் புதிய கட்டையையும் பார்த்தபோது புதியதற்குப் போனது. பெரியவர் எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த ஒதுக்கல் இல்லை.

சொந்தக் கையால் எடுப்பது என்பதன் பொருள் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆசியப் பின்புலமுள்ள கனடியர்கள் தமக்காக எடுத்த உணவைவிட நண்பருக்காக எடுத்த உணவையே அதிகம் நியாயப்படுத்தினார்கள் என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பியப் பின்புலமுள்ளவர்களிடம் இது தலைகீழ். கிருஷ்ணா சவானியும் ஹேசல் மார்கஸும் 2008-இல், இந்தியர்களின் தேர்வுகள் வட அமெரிக்கர்களுடையவை அளவுக்குத் தனிப்பட்ட விருப்பத்தோடு ஒட்டிப் போவதில்லை என்று கண்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவருவதை எடுக்கும் ஒருவரிடம் ‘எடுத்தது எதுவோ அதுவே அவர் விருப்பம்’ என்று கொள்வது அளவீட்டிலேயே கோளாறு.

கல்லூரியில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. எட்டுப் பொருள்கள் போதாது. அறுபது எழுபது பண்டங்களின் படங்கள் இருந்தால்தான் ஒருவரிடமிருந்தே இருபது ‘சமமான’ ஜோடிகள் தேறும். அளவுகோல் 1-லிருந்து 5 வரை என்றால் முரட்டுத்தனமாக இருக்கும், உண்மையில் வேறுபட்டவை சமமாகத் தெரிந்து கணக்கு மாயை பெருகும்; 0-லிருந்து 100 வரை நகர்த்தும் கோடு நல்லது. மிகவும் பிடித்தவை, துளியும் பிடிக்காதவை என்ற இரு ஓரங்களில் உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். 97-இல் இருப்பது மேலே போக இடமில்லை. பண்டங்களில் பாதியை மதிப்பெண்-தேர்வு-மதிப்பெண் வரிசைக்கும் மீதியை மதிப்பெண்-மதிப்பெண்-தேர்வு வரிசைக்கும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். தேர்வில் உண்மையான பலன் இருக்க வேண்டும்: கடைசியில் ஏதோ ஒரு ஜோடியைக் குலுக்கி எடுத்து, தேர்ந்த பண்டத்தைக் கையில் கொடுத்துவிடலாம். முடிவில் ஒவ்வொரு ஜோடியிலும் எதை எடுத்தீர்கள் என்று கேட்டு, நினைவிருப்பவற்றையும் இல்லாதவற்றையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இரண்டு வரிசைகளின் விலகலையும் கழிக்காமல் ஒன்றை மட்டும் அறிக்கையில் போட்டால் எண் அழகாக இருக்கும், பொருள் இருக்காது.

விருப்பம் எந்தக் கணத்தில் நகர்கிறது என்பதில் அண்மைக் கால ஆய்வுகள் ஃபெஸ்டிங்கரிடமிருந்து விலகுகின்றன. எடுத்தபின் உறுத்தி, பிறகு சமாதானம் தேடுவது என்பது அவர் வரிசை. மெல்போர்னில் கத்தரினா வாய்ட், ஸ்டெஃபான் போடே குழு கண் அசைவையும் மூளையையும் ஒருசேர அளந்து 2019-இல் வெளியிட்டது: கடினமான தேர்வில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே இடது முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியும், மூளையின் பின்புற நடுப்பகுதியில் உள்ள பிரிகூனியஸும் பின்வரும் விருப்ப மாற்றத்தோடு சேர்ந்து இயங்கின, பார்வை எதில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதும் அதோடு சேர்ந்தது. டக்ளஸ் லீயும் ஷான் டோனிசோவும் 2020-இல் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். சமமாக இருக்கும் இரண்டில் ஒன்றை நம்பிக்கையோடு எடுக்க முடியாது. அதனால் மூளை கூடுதலாக யோசித்து, இரண்டின் மதிப்பையும் மறுபடி கணித்து, போதுமான இடைவெளி கிடைத்ததும் முடிவெடுக்கிறது. அந்தப் புதிய மதிப்பீடுதான் இரண்டாவது மதிப்பெண்ணில் தெரிகிறது. இப்படிப் பார்த்தால் விலகல் நிறைய வந்த இடத்தில் தேர்வின் மீதான நம்பிக்கையும் கூடியிருக்க வேண்டும். அவர்கள் தரவில் அப்படித்தான் இருந்தது.

கண்மூடித் தேர்வில் யோசனைக்கே இடமில்லாததால் அங்கே வரும் மாற்றத்தை இந்த விளக்கம் தொடாது. அதற்குத் தேர்வுக்குப் பிந்தைய பாதையும் தேவை. இரண்டு பாதைகளும் இருக்கின்றன என்று கொள்வதே தரவுக்கு நேர்மை. பிந்தைய பாதை எப்போது திறக்கும் என்பதற்கு டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. ஹார்வர்டில் புகைப்படம் கற்ற மாணவர்கள் தங்கள் இரண்டு சிறந்த படங்களில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சிலருக்கு முடிவை மாற்ற அவகாசம் தரப்பட்டது, சிலருக்கு முடிவு அப்போதே இறுதி. மாற்ற வழியில்லாதவர்களே தங்கள் படத்தை அதிகம் விரும்பினார்கள். எது வேண்டும் என்று கேட்டபோது மாணவர்கள் விரும்பியதோ மாற்றும் வசதியைத்தான். வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பு நடத்துபவர்கள் இதை இரண்டு இடங்களில் கணக்கில் கொள்ள வேண்டும்: வாங்கிய பொருளின் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன்பும் பின்பும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ‘எது பிடிக்கும்’ என்ற கேள்வியை ‘எதை வாங்குவீர்கள்’ என்பதற்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் முதல் பதிலே இரண்டாவதை நகர்த்திவிடும்.